இரண்டு டி.பி.டி. அட்மிஷன் கையில்: மூன்று வருடமா, இரண்டு வருடமா?

சார்லட்_அப்பா | மார்ச் 8, 2026

வணக்கம். மகள் இந்த மே மாதம் எக்ஸர்சைஸ் சயின்ஸில் பேச்சலர்ஸ் முடிக்கிறாள். அடுத்து பிசிகல் தெரபி டாக்டரேட், அதாவது டி.பி.டி., என்று உறுதியாக இருக்கிறாள். பி.டி.கேஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக விண்ணப்பித்ததில் இரண்டு இடங்களில் கிடைத்திருக்கிறது.

ஒன்று, எங்கள் மாநிலத்திலேயே ஒரு அரசுப் பல்கலைக்கழகம். மூன்று வருடம், ஜூன் முதல் வாரத்தில் தொடக்கம். ட்யூஷன் மட்டும் மொத்தம் சுமார் 85 ஆயிரம் டாலர். இன்னொன்று, தெற்கே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் ஹைபிரிட் புரோகிராம். இரண்டே வருடம், ஆகஸ்ட் கடைசியில் தொடக்கம், சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம். பாதிக்கு மேல் ஆன்லைன், சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு வாரம் அங்கே போய் லேப் செய்ய வேண்டுமாம்.

நான் ஐ.டி. ஆள். இந்தத் துறை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வருடம் முன்னால் முடித்தால் ஒரு வருடச் சம்பளம் மிச்சம் என்று என் கணக்கு சொல்கிறது. மனைவிக்கு ஆன்லைனில் தெரபி படிப்பது என்பதே புரியவில்லை, "கையால் செய்கிற வேலையை ஜூமில் எப்படிக் கற்றுக்கொடுப்பார்கள்?" என்கிறாள். டெபாசிட் கட்ட ஏப்ரல் 1 கடைசி. படித்தவர்கள், படிக்கிறவர்கள், பாடம் நடத்துகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ப்ரேக்கியல்_ப்ளெக்சஸ் | மார்ச் 8

சார், நான் ஒஹாயோவில் மூன்று வருடப் படிப்பில் இரண்டாம் வருடம். ஹைபிரிட் பற்றி எனக்குத் தெரியாது, எங்கள் வாழ்க்கை எப்படி என்று மட்டும் சொல்கிறேன்.

எங்களுக்கும் கோடையிலேயே தொடங்கியது. முதல் செமஸ்டரே அனாடமி. காலை எட்டு மணிக்கு லெக்சர், மதியம் கடாவர் லேப், அதாவது தானமாக வந்த உடலை அறுத்துப் படிப்பது, ராத்திரி மறுபடி லேப். ஐந்து பேருக்கு ஓர் உடல். லேபுக்கென்று தனி ஸ்க்ரப்ஸ் வைத்திருந்தேன். துவைத்தாலும் அந்த வாடை போகாது, அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று ரூம்மேட் சட்டமே போட்டுவிட்டாள். படத்தில் நரம்பு மஞ்சள், தமனி சிவப்பு, சிரை நீலம். உடலில் எல்லாமே ஒரே பழுப்பு. தோளிலிருந்து கைக்கு இறங்கும் அந்த நரம்புப் பின்னலைக் கொழுப்பிலிருந்து பிரித்தெடுக்க எங்கள் மேசைக்கு இரண்டு மதியங்கள் ஆயின. (என் பெயர்க் காரணம் அதுதான்.) தேர்வில் ஒவ்வொரு மேசையிலும் ஏதாவது ஒரு தசையில் கொடி குத்தியிருப்பார்கள். ஒரு நிமிடம், மணி அடித்தால் அடுத்த மேசை. கோடை முடிவில் உடல் கொடுத்தவர்களின் குடும்பத்தாரை அழைத்து ஒரு நினைவு நிகழ்ச்சி. நாங்கள் "மேசை 6" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் பள்ளி ஆசிரியர் என்று அன்றுதான் தெரிந்தது.

அனாடமி போனதும் நிம்மதி என்று நினைத்தால் அப்புறம் பிராக்டிகல் வரும். ஆளைக் கொல்வது அதுதான். கதவுக்கு வெளியே ஒரு தாள் ஒட்டியிருக்கும்: "68 வயது, பக்கவாதம், இடப்பக்கம் பலவீனம், கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றவும்." படிக்க இரண்டு நிமிடம். உள்ளே போனால் நம் ப்ரொஃபசரே நோயாளியாகப் படுத்திருப்பார், அதுவும் வேண்டுமென்றே தப்பான பக்கம் சாய்வார். வீல்சேர் பிரேக் போடவில்லை, நோயாளி விழாமல் பிடிக்க இடுப்பில் கட்டும் கெயிட் பெல்ட் கட்டவில்லை என்றால் மற்ற எல்லாம் சரியாகச் செய்திருந்தாலும் ஃபெயில். இதை சேஃப்டி ஃபெயில் என்போம். ஒருமுறை மறுவாய்ப்பு உண்டு.

அதிலும் போனால்தான் பெரிய சிக்கல். ஒவ்வொரு பாடமும் வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும், அடுத்த பாடத்துக்கு முந்தைய பாடம் தேவை. அதனால் ஒரு பாடத்தில் தவறினால் அந்த செமஸ்டரோடு போகாது, அடுத்த பேட்சோடுதான் சேர முடியும். எங்கள் வகுப்பில் இரண்டு பேர் அப்படிப் பின்தங்கினார்கள். நல்லாப் படிக்கிறவர்கள்தான்.

உங்கள் மகளை ஒன்று கேளுங்கள்: வாரத்துக்கு ஐம்பது அறுபது மணி நேரம் அதே நாற்பது ஐம்பது முகங்களோடு இருப்பாளா? எனக்கு அது பிடித்திருக்கிறது. எல்லோருக்கும் பிடிக்காது.

கார்த்தி_டெக்சாஸ் | மார்ச் 9

நான் ஹைபிரிட்டில் முடித்தவன். இப்போது அவுட்பேஷன்ட் ஆர்த்தோ கிளினிக்கில் வேலை. இந்த "ஜூமில் எப்படி" கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, இருந்தாலும் இன்னொருமுறை.

ஜூமில் இருப்பது லெக்சரும் கேஸ் விவாதமும்தான். கை வேலை முழுக்க லேப் வாரங்களில். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை, ஏழெட்டு நாள் தொடர்ந்து. சாதாரணப் புரோகிராமில் வாரத்துக்கு இரண்டு மதியம் லேப் இருக்கும், அங்கே பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று என் நண்பனே சொல்லியிருக்கிறான். இடைப்பட்ட வாரங்களில் நீங்களே ஆள் பிடித்துப் பழக வேண்டும். என் தம்பியின் முழங்காலையும் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் தோளையும் நான் அளக்காத நாள் இல்லை.

இதற்கும் அங்கீகாரம் கொடுப்பது அதே கேப்டிதான், அமெரிக்காவில் எல்லா பி.டி. படிப்புக்கும் அங்கீகாரம் தரும் ஆணையம். 2016 முதல் டி.பி.டி. தவிர வேறு பட்டத்துக்கு அவர்கள் அங்கீகாரம் தருவதில்லை. லைசென்ஸ் தேர்வும் எல்லோருக்கும் ஒன்றே: என்.பி.டி.இ., 225 கேள்விகள், அதில் 180 தான் மதிப்பெண்ணில் சேரும், 200 முதல் 800 வரையான அளவில் 600 எடுத்தால் பாஸ். ஹைபிரிட்டில் படித்தவனுக்கு என்று தனியாக எளிதான தாள் ஒன்றும் கிடையாது. பேலர் பல்கலைக்கழகம் போன்ற பெரிய பெயர்களே இரண்டு வருட ஹைபிரிட் நடத்துகிறார்கள்.

ஆனால் ஒன்று. விடுமுறை என்று எதுவும் இருக்காது. என் அக்கா கல்யாணத்துக்கு மதுரைக்கு நான்கு நாள்தான் போக முடிந்தது, அதிலும் ஒரு நாள் ஹோட்டல் ரூமில் உட்கார்ந்து ஃபார்மகாலஜி தேர்வு எழுதினேன்.

கோனியோமீட்டர் | மார்ச் 10

நான் மேசையின் அந்தப் பக்கத்து ஆள். மிட்வெஸ்டில் ஒரு டி.பி.டி. புரோகிராமில் டைரக்டர் ஆஃப் கிளினிக்கல் எஜுகேஷன். சுருக்கமாக டி.சி.இ. மாணவர்களை மருத்துவமனைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் அனுப்புவது என் வேலை. எங்களுடையது மூன்று வருடப் படிப்பு, ஆனால் ஹைபிரிட்டைத் திட்ட வரவில்லை. கார்த்தி சொன்னதில் பெரும்பகுதி சரி.

சார்லட்_அப்பா, இரண்டு வருடமா மூன்று வருடமா என்பதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ரேங்கையும் வையுங்கள். இரண்டு இடத்திலும் கிளினிக்கல் சைட், அதாவது மாணவர்கள் பயிற்சிக்குப் போகும் இடங்கள், பற்றிக் கேளுங்கள்.

காரணம் இது. கேப்டி விதிப்படி ஒவ்வொரு மாணவரும் குறைந்தது 30 வாரம் முழுநேரக் கிளினிக்கல் அனுபவம் பெற வேண்டும். அந்த 30 வாரத்தில் பாடம் நடத்துவது நாங்கள் அல்ல. அங்கே வேலை செய்யும் ஒரு பிசிகல் தெரபிஸ்ட். அவரைக் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர், சி.ஐ. என்போம். லைசென்ஸும் ஒரு வருட அனுபவமும் இருந்தால் போதும். பெரும்பாலும் அவருக்கு இதற்காக ஒரு டாலர்கூடக் கிடையாது. சில மாநிலங்களில் லைசென்ஸ் புதுப்பிக்கக் கொஞ்சம் கல்வி மணிநேரம் கிடைக்கும், அவ்வளவுதான். வேலையோடு வேலையாக உங்கள் மகளைப் பத்துப் பன்னிரண்டு வாரம் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுக்கிறார். அவருக்கு மனம் இருந்தால் இடம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இந்த மொத்தப் படிப்பும் அந்த மனத்தை நம்பித்தான் ஓடுகிறது.

இப்போது நாட்டில் ஏறக்குறைய 300 புரோகிராம்கள். வகுப்புகளும் பெரிதாகிக்கொண்டே போகின்றன. சி.ஐ.க்கள் அந்த வேகத்தில் கூடவில்லை. முதுகுவலி, முழங்கால்வலி பார்க்கும் அவுட்பேஷன்ட் கிளினிக் எப்படியாவது கிடைத்துவிடும். மருத்துவமனை அக்யூட் கேர், இன்பேஷன்ட் ரிஹாப் (தங்கிச் சிகிச்சை பெறுபவர்களுக்கானது), குழந்தைகள் பிரிவு என்று வந்தால் ஒரே இடத்துக்குப் பத்துக் கல்லூரிகள் நிற்கும். மார்ச் 1 எங்கள் துறையில் ஒரு சடங்கு நாள். அடுத்த வருடத்துக்கான இடங்களைக் கேட்டு எல்லா டி.சி.இ.க்களும் ஒரே சமயத்தில் கடிதம் அனுப்புவோம். அதனால்தான் இந்த இழையை இவ்வளவு தாமதமாகப் பார்க்கிறேன். போன வாரம் முழுக்க ஸ்ப்ரெட்ஷீட்டும் நானும்தான்.

இடம் உறுதியானாலும் அது கிடைத்த மாதிரி இல்லை. சி.ஐ. வேலையை விடுவார், பிரசவ விடுப்பில் போவார், கிளினிக்கைப் பெரிய கம்பெனி வாங்கும், மறுநாள் "இந்த வருடம் மாணவர்கள் வேண்டாம்" என்று மின்னஞ்சல் வரும். மாணவி அந்த ஊரில் வாடகைக்கு வீடு பிடித்து முன்பணமும் கட்டியிருப்பாள்.

ஆகவே இரண்டு இடத்திலும் கேளுங்கள்: போன வருடம் கடைசி நேரத்தில் ரத்தான இடங்கள் எத்தனை, மாற்று கிடைக்க எவ்வளவு நாள் ஆயிற்று, அதனால் யாருக்காவது பட்டம் தள்ளிப்போனதா? எத்தனை மாணவருக்கு எத்தனை டி.சி.இ.? இடத்தை மாணவரே தேடிக்கொள்ள வேண்டுமா? இன்பேஷன்ட் அனுபவம் எல்லோருக்கும் நிச்சயமா?

தேர்ச்சி விகிதத்தைக் காட்டுவார்கள். அதை மட்டும் பார்க்காதீர்கள், கூடவே எத்தனை பேர் சேர்ந்து எத்தனை பேர் முடித்தார்கள் என்ற விகிதத்தையும் பாருங்கள். கேப்டி கேட்கும் குறைந்தபட்சம், இரண்டு வருடச் சராசரியில், முடிப்பவர்கள் 80 சதவீதம், லைசென்ஸ் தேர்வில் இறுதித் தேர்ச்சி 85 சதவீதம். இறுதி என்றால் மூன்றாம் முறை பாஸ் செய்தவரும் சேர்த்தி. பலவீனமானவர்களைத் தேர்வுக்கு முன்பே கழற்றிவிட்டால் தேர்ச்சி எண் பளபளக்கும்.

திருச்சி_பிபிடி | மார்ச் 10

மேடம் சொல்லும் அந்த "மனம்" உள்ள ஆள் நான்தான். :)

தமிழ்நாட்டில் நாலரை வருட பி.பி.டி. முடித்து, வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் எஃப்.சி.சி.பி.டி.யில் என் பாடத்திட்டத்தை ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டு, குறைந்த கிரெடிட்டுகளை இங்கே படித்துச் சேர்த்து, அப்புறம் என்.பி.டி.இ. எழுதி வந்தவன். டி.பி.டி. வகுப்பறையில் நான் உட்கார்ந்ததில்லை. ஆனால் வருடத்துக்கு ஒன்றிரண்டு டி.பி.டி. மாணவர்கள் என்னிடம் வருகிறார்கள்.

ஏன் பலர் மாணவர்களை வேண்டாம் என்கிறார்கள் என்பதைக் கிளினிக் பக்கத்திலிருந்து சொல்கிறேன். சோம்பேறித்தனம் இல்லை, பணம். மெடிகேர் பார்ட் பி (முதியவர்களுக்கான அரசுக் காப்பீட்டில் வெளிநோயாளிப் பகுதி) நோயாளிக்கு மாணவர் சிகிச்சை தந்தால், நான் அதே அறையில் முழு நேரமும் நின்று வழிநடத்த வேண்டும், அந்த நேரத்தில் வேறு நோயாளியைத் தொடக் கூடாது. இல்லாவிட்டால் பில் போட முடியாது. எங்கள் கிளினிக்கில் பாதிக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள். மாணவர் வந்த முதல் மூன்று நான்கு வாரம் என் வேகம் பாதியாகிவிடும். மேனேஜரோ யூனிட், அதாவது பில் போடும் நேர அளவு, எண்ணிக்கொண்டிருப்பார். எட்டு நிமிடத்துக்குக் குறைந்தால் ஒரு யூனிட்கூடக் கிடையாது என்பது மெடிகேர் கணக்கு. மாணவர் நோயாளியிடம் பேரன் பேத்தி பற்றிப் பேசிக்கொண்டிருப்பார், எனக்குக் கடிகாரம் ஓடும்.

ஹைபிரிட் பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள், மூன்று வருடப் பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். கை வேலையில் என்னால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. இரு தரப்புமே முதல் வாரம் கையை மெதுவாகத்தான் வைப்பார்கள். எனக்கு வித்தியாசம் தெரிவது நோயாளியோடு பேசுவதில். "வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும்போது கம்ப்யூட்டரைப் பார்த்து டைப் செய்தால் எந்தக் கல்லூரியாக இருந்தாலும் ஒன்றுதான். கடைகளில், உணவகங்களில் வேலை செய்துவிட்டு வந்த பிள்ளைகள் இதில் நன்றாக இருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். உங்கள் மகள் எங்காவது பார்ட் டைம் வேலை பார்த்திருக்கிறாளா?

டாலஸ்_மீனா | மார்ச் 11

என் மகளும் அடுத்த வருடம் விண்ணப்பிக்கப் போகிறாள். கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். லேபில் பையன்களும் பெண்களும் ஷார்ட்ஸும் ஸ்போர்ட்ஸ் ப்ராவுமாக ஒருவர் உடம்பில் ஒருவர் பழகுவார்களாமே, உண்மையா? இன்னொன்று, அவள் மார்க் எப்படி இருக்கிறது என்று ப்ரொஃபசருக்கு நான் மெயில் போட்டால் பதில் தருவார்களா? கல்லூரிச் செலவு முழுக்க நாங்கள்தான்.

ப்ரேக்கியல்_ப்ளெக்சஸ் | மார்ச் 11

ஆன்ட்டி, உண்மைதான். முதுகெலும்பையும் தோள் எலும்பையும் சட்டைக்கு மேலே தொட்டுப் பார்க்க முடியாது. முதல் வாரம் எனக்கும் உடம்பு கூசியது. அப்பாவிடம் சொல்லவே இல்லை. :) ஆனால் யார் மேல் கை வைத்தாலும் முதலில் அனுமதி கேட்க வேண்டும், தேவையான இடத்தைத் தவிர மற்றதைத் துணியால் மூட வேண்டும். அந்த மூடும் முறைக்கே மார்க் உண்டு. பெண் பார்ட்னர்தான் வேண்டும் என்றால் கொடுப்பார்கள். ஹிஜாப் அணியும் தோழி ஒருத்தி இருக்கிறாள், அவளுக்குத் தனித் திரை போட்டு ஏற்பாடு செய்தார்கள். இரண்டாம் மாதத்தில் யாருக்கும் இது ஒரு விஷயமாகவே இருக்காது. யாருடைய ஹாம்ஸ்ட்ரிங் எவ்வளவு இறுக்கம் என்பதுதான் நினைவிருக்கும்.

கோனியோமீட்டர் | மார்ச் 11

மீனா, இரண்டாவது கேள்விக்கு: பதில் தர மாட்டோம். 1974-இலிருந்து ஃபெர்பா என்று ஒரு கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்துவிட்டால் படிப்பு விவரம் மாணவருக்குச் சொந்தம். டி.பி.டி. பிள்ளைகள் எல்லோரும் வயது வந்தவர்கள், பொதுவாக அவர்கள் எழுதிக் கொடுக்காமல் நாங்கள் வாய் திறப்பதில்லை. நம் ஊர்ப் பெற்றோர் என்று தெரிந்து சிலர் எனக்குத் தமிழிலேயே மெயில் போடுகிறார்கள். "தங்கச்சி மாதிரி நினைத்துச் சொல்லும்மா" என்று. பாவமாக இருக்கும். ஆனால் மாதிரிப் பதில்தான் அனுப்புவேன். மகளிடமே கேளுங்கள், அவள் சொல்லவில்லை என்றால் அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

சென்னை_ரசிகன் | மார்ச் 12

டி.பி.டி. முடித்தால் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாமா? இந்தியாவில் பிசியோ எல்லாம் டாக்டர் என்று போடக் கூடாது என்று சொன்னார்களே?

திருச்சி_பிபிடி | மார்ச் 12

2025 செப்டம்பரில் டெல்லியிலிருந்து அப்படி ஒரு கடிதம் வந்தது, கையோடு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இங்கே டி.பி.டி. பட்டம் டாக்டர் பட்டம்தான். ஆனால் நோயாளியிடம் "நான் உங்கள் பிசிகல் தெரபிஸ்ட்" என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். நான் டாக்டரும் இல்லை, என் நோயாளிகள் என்னை "ராஜ்" என்கிறார்கள். என் பெயர் ராஜ் கூட இல்லை.

நெறியாளர் | மார்ச் 12

டாக்டர் விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே இருநூறு பதிவுகள் ஏற்கெனவே சண்டையில் இருக்கின்றன. இங்கே வேண்டாம். இதே பொருளில் வந்த பதினோரு பதிவுகள் அங்கே மாற்றப்பட்டுள்ளன.

வட்டிக்கணக்கு | மார்ச் 13

கடன் வாங்கிப் படிக்கப் போகிறாள் என்றால் தேதியைக் கவனியுங்கள் சார். இதை யாரும் சொல்லாதது ஆச்சரியம்.

போன வருடம் வந்த சட்டப்படி, ஜூலை 1, 2026 முதல் புதிதாகச் சேருபவர்களுக்கு கிராட் ப்ளஸ் என்ற மேல்படிப்புக்கான கூட்டாட்சிக் கடன் கிடையாது. இதுவரை படிப்புச் செலவு முழுவதையும் அதில் எடுக்க முடிந்தது. இனி சாதாரண மேல்படிப்பு என்றால் வருடத்துக்கு 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம். மருத்துவம், சட்டம் போன்ற "தொழில்முறை" படிப்பு என்றால் வருடத்துக்கு 50 ஆயிரம், மொத்தம் இரண்டு லட்சம். கடந்த நவம்பரில் கல்வித் துறையின் குழு ஒப்புக்கொண்ட பட்டியலில் பல் மருத்துவம், கைரோபிராக்டிக், இறையியல்கூட இருக்கிறது. பிசிகல் தெரபி இல்லை. நர்சிங்கும் இல்லை. பிசிகல் தெரபிஸ்டுகளின் சங்கமான ஏ.பி.டி.ஏ. எதிர்த்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் ஜூன் 30-க்குள் படிப்பில் சேர்ந்து, அந்தப் படிப்புக்காக ஜூலை 1-க்கு முன்பே கூட்டாட்சிக் கடன் கைக்கு வந்திருந்தால், பழைய வரம்பு அதிகபட்சம் மூன்று வருடம் தொடரும். உங்கள் மூன்று வருட இடம் ஜூனில் தொடங்குகிறது. ஹைபிரிட் ஆகஸ்டில். இந்த இரண்டு மாத இடைவெளிதான் உங்கள் கேஸில் பெரிய பணம். ஃபைனான்சியல் எய்ட் அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

டி.பி.டி. கடனின் அடிப்படைக் கணக்கே கொஞ்சம் இடிக்கும். பிசிகல் தெரபிஸ்ட் மீடியன் சம்பளம் வருடத்துக்குச் சுமார் ஒரு லட்சம் டாலர். ஒன்றரை லட்சம் கடனோடு வெளியே வந்தால் மாதத் தவணை தோளில் உட்கார்ந்திருக்கும். மகள் சிட்டிசன், ராணுவத்தில் விருப்பம் உண்டு என்றால் சான் அன்டோனியோவில் ஆர்மி-பேலர் புரோகிராம் இருக்கிறது. ட்யூஷன் இல்லை, அதிகாரி சம்பளம் கொடுத்துப் படிக்கவைப்பார்கள், பிறகு சில வருடம் பணி செய்ய வேண்டும். நம் வீடுகளில் யாரும் இதை யோசிப்பதே இல்லை.

ப்ரேக்கியல்_ப்ளெக்சஸ் | மார்ச் 14

பணம் என்றதும் எனக்கும் ஒன்று கேட்க வேண்டும், கோனியோமீட்டர் மேடம் கோபித்துக்கொள்ளக் கூடாது. கிளினிக்கலில் இருக்கும் பன்னிரண்டு வாரத்துக்கும் நாங்கள் முழு ட்யூஷன் கட்டுகிறோம். சம்பளம் இல்லை. வேறு ஊரில் என்றால் அங்கே ஒரு வாடகை, இங்கே லீஸ் முடியாததால் இங்கேயும் ஒரு வாடகை. வாரத்துக்கு நாற்பது மணி நேரம் வேலை. சொல்லிக்கொடுக்கும் சி.ஐ.க்கும் பைசா இல்லை என்கிறீர்கள். அப்போது அந்த ட்யூஷன் எங்கே போகிறது? கல்லூரியிலிருந்து எங்களுக்கு வருவது நடுவில் ஒரு போன் கால்தான்.

கோனியோமீட்டர் | மார்ச் 15

கோபம் இல்லை. இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் வரும், மாணவர்கள் நேரில் கேட்கும்போது நான் சொல்லும் பதில் கொஞ்சம் மழுப்பலாகத்தான் இருக்கும். இங்கே பெயர் இல்லாததால் நேராகச் சொல்கிறேன்.

அந்தப் பணத்தில் ஒரு பகுதி என் சம்பளம். லேபில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும், ஐம்பது பேர் வகுப்பு என்றால் ஒரே மதியத்துக்கு நான்கைந்து பேர். கடாவர், உபகரணம், காப்பீடு, சைட்டுகளோடு ஒப்பந்தம் போடும் வக்கீல். மீதியில் பல்கலைக்கழகம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். டி.பி.டி. மாதிரிப் படிப்புகளின் வருமானத்தில்தான் மாணவர் குறைந்த வேறு துறைகள் ஓடுகின்றன என்பது எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். கிளினிக்கல் வாரங்களுக்கு முழு ட்யூஷன் நியாயமா என்றால், நியாயம் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். மீட்டிங்கில் சொல்லியும் இருக்கிறேன். சொன்னதோடு சரி.

ஆனால் அந்த "ஒரு போன் கால்" பற்றி: உங்களுக்கு ஒன்று, எனக்கு ஐம்பது. சி.பி.ஐ. என்ற கிளினிக்கல் மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு மாணவர் பாதி வழியில் பின்தங்கியிருந்தால் அவருக்கு மட்டும் தினமும். போன இலையுதிர் காலத்தில் ஒரு சி.ஐ. இரவு பத்தரைக்கு அழைத்து, "இந்தப் பையனை நான் நோயாளியோடு தனியாக விட மாட்டேன்" என்றார். அன்று தொடங்கி அந்தப் பையனுக்கு எழுத்தில் திட்டம், வாராந்திரச் சந்திப்பு, இன்னொரு சைட் என்று நான்கு மாதம். இப்போது அவன் லைசென்ஸ் வாங்கிவிட்டான்.

ஆசிரியர் பக்கமும் ஆள் தட்டுப்பாடுதான். கிளினிக்கில் மேனேஜராக இருந்தால் இதைவிட அதிகம் கிடைக்கும். நிரந்தர ஆசிரியர்களில் குறைந்தது பாதிப் பேருக்கு பிஎச்.டி. மாதிரி ஆராய்ச்சிப் பட்டம் இருக்க வேண்டும் என்பது கேப்டி விதி, டி.பி.டி. அந்தக் கணக்கில் வராது. அதனால் பத்து வருடம் கிளினிக்கில் இருந்துவிட்டுப் பாடம் நடத்த வந்தவர்கள் ராத்திரி உட்கார்ந்து மறுபடி மாணவர்களாகிறார்கள். நானும் இப்போது ஆய்வேட்டில் மூன்றாவது அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். கையில் பழக்கம் போகக் கூடாது என்று வெள்ளிக்கிழமை கிளினிக். அங்கீகாரப் புதுப்பிப்பு வரும் வருடம் என்றால் சுய ஆய்வு அறிக்கை என்று ஒரு பூதம் வரும். அந்த வருடம் எங்கள் மெயில் பதில்கள் ஒரு வரிக்கு மேல் இருக்காது, மன்னிக்கவும்.

கார்த்தி_டெக்சாஸ் | மார்ச் 15

மேடம், சைட் விஷயத்தில் எங்களுக்கு ஒரு சாதகம் உண்டு, அதை நீங்கள் சொல்லவில்லை. மூன்று வருடப் புரோகிராமில் ஐம்பது பேரும் ஒரே நகரத்தில் இருப்பார்கள், அதே ஊரில் இன்னும் மூன்று கல்லூரி இருக்கும், எல்லோரும் அதே ஐந்து மருத்துவமனைக்கு வரிசையில் நிற்பார்கள். எங்கள் வகுப்பு நாடு முழுக்கச் சிதறியிருந்தது. நான் இருந்த சின்ன ஊர் மருத்துவமனைக்கு வேறு எந்தக் கல்லூரியும் வரவில்லை. வீட்டிலிருந்தே போய் வந்தேன், வாடகை மிச்சம்.

கோனியோமீட்டர் | மார்ச் 15

ஒப்புக்கொள்கிறேன். ஊர் சரியாக அமைந்தால் அது பெரிய சாதகம். சார்லட்_அப்பா இருக்கும் சார்லட் நகரம் சின்ன ஊர் இல்லை, அங்கே எப்படி என்று கேட்க வேண்டும். புது ஒப்பந்தம் போடவே சில மருத்துவமனைகள் ஆறு மாதம் எடுக்கும், இரண்டு வருடப் படிப்பில் ஆறு மாதம் எங்கே இருக்கிறது?

சார்லட்_அப்பா | மார்ச் 22

எல்லோருக்கும் நன்றி. நான் மெயில் போடவில்லை, மகளைப் போடச் சொன்னேன் (மீனா அவர்களுக்கு வந்த பதிலைப் பார்த்தபின்). வந்த பதில்கள்:

மூன்று வருட இடம்: 52 பேருக்கு இரண்டு டி.சி.இ. போன வருடம் கடைசி நேரத்தில் ரத்தானவை ஏழு. எல்லோருக்கும் மாற்று கிடைத்தது, இருவர் மாநிலத்தைவிட்டுப் போக வேண்டியிருந்தது, யாருக்கும் பட்டம் தள்ளிப்போகவில்லை. இன்பேஷன்ட் எல்லோருக்கும் உண்டு. முடித்தவர்கள் விகிதம் 94.

ஹைபிரிட்: நூறு பேருக்கு மூன்று டி.சி.இ. ரத்தானவை எத்தனை என்பதற்கு "சைட்டுகளோடு நெருங்கிய உறவு வைத்திருக்கிறோம்" என்று பதில். மறுபடி கேட்டதற்கும் அதே வாக்கியம். வசிக்கும் இடத்திலிருந்து 90 நிமிடத் தூரத்துக்குள் இடம் தர முயல்வார்களாம். முடித்தவர்கள் விகிதம் 86.

கடன் விஷயத்தில் வட்டிக்கணக்கு சொன்னதை எய்ட் அலுவலகம் எழுத்தில் உறுதி செய்தது: ஜூனில் சேர்ந்து, பணம் ஜூன் மாதத்திலேயே வழங்கப்பட்டால் பழைய விதி. ஆனால் விண்ணப்பத்தை ஏப்ரலுக்குள் முடிக்க வேண்டும்.

திருச்சி சார், அவள் இரண்டு வருடம் ஐஸ்க்ரீம் கடையில் வேலை பார்த்தாள். அது இந்தப் படிப்புக்கு உதவும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

திருச்சி_பிபிடி | மார்ச் 22

பலே. வரிசையில் நின்று கத்துகிற வாடிக்கையாளரைச் சமாளித்தவள் என்றால் என்னிடம் அனுப்புங்கள், எடுத்துக்கொள்கிறேன்.

கார்த்தி_டெக்சாஸ் | மார்ச் 23

ஒரே வாக்கியத்தை இரண்டு முறை அனுப்பியது சரியில்லைதான். என் புரோகிராம் அது இல்லை என்று மட்டும் பதிவு செய்துகொள்கிறேன். :)

சார்லட்_அப்பா | மார்ச் 29

மூன்று வருட இடத்துக்கு டெபாசிட் கட்டியாச்சு. என் எக்ஸெல் ஷீட்டை அவள் பார்க்கவே இல்லை. அங்கே காப்பீடு இல்லாதவர்களுக்கு மாணவர்களே நடத்தும் இலவசக் கிளினிக் இருக்கிறதாம், முதல் வருடத்திலேயே போகலாமாம், போய்ப் பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டாளாம். எங்களிடம் இப்போதுதான் சொல்கிறாள். சரி, ஜூனுக்குள் என்னென்ன வாங்க வேண்டும்?

ப்ரேக்கியல்_ப்ளெக்சஸ் | மார்ச் 29

எதுவும் வாங்காதீர்கள் அங்கிள். மூட்டு மடங்கும் கோணம் அளக்கும் கோனியோமீட்டர், கெயிட் பெல்ட், ரிஃப்ளெக்ஸ் பார்க்கும் சுத்தியல் எல்லாம் ஒரு கிட்டாகக் கல்லூரியிலேயே கொடுப்பார்கள், அதற்கும் பில் வரும். புத்தகம் சீனியர்களிடம் வாங்கிக்கொள்ளலாம். தடுப்பூசி அட்டையை மட்டும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள். சின்ன வயதில் போட்ட எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா) ஊசியின் பதிவு கிடைக்காமல் எங்கள் வகுப்பில் ஒருத்திக்கு ரத்தப் பரிசோதனை, மறுபடி ஊசி என்று ஒரு மாதம் இழுத்தது. லேபுக்கு இரண்டு பழைய டி-ஷர்ட், முடிந்ததும் தூக்கிப் போடுகிற மாதிரி.